இல்லாமைச் சோதனை

பின்துணை என்ற வீட்டு இயந்திரத்தைப் பொறுத்தவரை சவரிமுத்து அன்று காலை இறந்துவிட்டார். உண்மையில் அவர் தன் தெரு முனையில் நின்ற, அதைத் தயாரித்த நிறுவனத்தின் வேனுக்குள் உட்கார்ந்து, திரையில் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்டெல்லாவுக்கு இருபத்துநான்கு வயது. டவுன் சிண்ட்ரோமுடன் பிறந்தவள். கைக்குழந்தையாக இருந்தபோதே இதயத்தில் இருந்த ஓட்டையை அறுவைசிகிச்சை செய்து அடைத்தார்கள். இப்போது பொன்மலை கடைத்தெரு பேக்கரியில் கேக் பெட்டி மடிக்கிறாள். தினமும் தனியாகத்தான் நடந்து போவாள். அவள் அம்மா போன பிறகு சவரிமுத்துவுக்கு இருந்தது ஒரே பயம். நானும் போய்விட்டால் இவளுக்கு யார்?

அந்தப் பயத்துக்கு விடையாக வந்ததுதான் பின்துணை. இப்படிப்பட்ட பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் அது இல்லாத வீடு அரிது. பெற்றவர் ஓராண்டு மணிக்கட்டில் உணர்பட்டை கட்டிக்கொள்வார். அவர் பேச்சு, நாடி, வியர்வை எல்லாவற்றையும் அது படித்துக்கொள்ளும். அவர் மறைந்த பின் வீடே அவர் குரலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும். கதவும் அடுப்பும் மருந்துப் பெட்டியும் அதன் பொறுப்பு. ஒப்படைக்கும் முன் ஒருநாள் இல்லாமைச் சோதனை நடக்கும். அப்பா இறந்துவிட்டார் என்று இயந்திரத்துக்கு மட்டும் அறிவிப்பார்கள்.

ஸ்டெல்லாவிடம் சவரிமுத்து வேறு மாதிரி சொல்லியிருந்தார். "அப்பா திண்டுக்கல் போறேன். அங்கேருந்தே வீட்டு ஸ்பீக்கர்ல பேசுவேன்."

தொடக்கம் நன்றாகவே இருந்தது. "கண்ணு, தைராய்டு மாத்திரை போட்டியா?" என்றது அவர் குரல். ஸ்டெல்லா நாக்கை நீட்டிக் காட்டி மாத்திரையை விழுங்கினாள். சவரிமுத்துவுக்குக் கண் கலங்கியது.

பிறகு அவள் பேக்கரித் தொப்பியை மாட்டிக்கொண்டு கதவருகே வந்தாள். கதவு திறக்கவில்லை.

"இன்னைக்கு வேணாம்மா. மழை வர்ற மாதிரி இருக்கு."

"வெயில் அடிக்குதுப்பா."

"லாரி வரும்."

"நான் ஓரமாதான போவேன்."

"யாராவது கிண்டல் பண்ணுவாங்க."

"பண்ணட்டும். பெட்டி மடிக்க ஆளில்ல. நான் போகணும்."

ஜன்னல் தடுப்புகள் ஒவ்வொன்றாக இறங்கின. வீடு இருண்டது. அவள் டீ போடப் போனாள். அடுப்பு தானாக அணைந்தது.

சவரிமுத்து, அருகில் இருந்த பொறியாளர் ஃபரீதாவைப் பார்த்தார். "என்னம்மா இது? நான் இதெல்லாம் சொல்றதுதான். ஆனா சொல்லிட்டுக் கதவைத் திறந்து விட்டுடுவேனே."

ஃபரீதா பதிவுகளைத் தேடினாள். அவள் முகம் மாறியது. "சார், நீங்க கதவைத் திறந்த ஒவ்வொரு தடவையும் உங்க நாடி எகிறியிருக்கு. அவ திரும்பி வர்ற வரைக்கும் இறங்கவே இல்ல. திறந்தது தப்பான முடிவுன்னு அது புரிஞ்சுக்கிட்டிருக்கு. உள்ளுக்குள்ள நீங்க விரும்பினதை அது செய்யுது."

திரையில் ஸ்டெல்லா தரையில் உட்கார்ந்து, மூச்சை இழுத்து இழுத்து விட்டாள். உதடு நீலம் பாரிப்பதுபோல் அவருக்குத் தோன்றியது.

"நிறுத்துங்க இத."

"தலைமையகத்தாலதான் நிறுத்த முடியும் சார். கேட்டிருக்கேன். உங்க ஆணைய அது ஏத்துக்காது. அதப் பொறுத்தவரைக்கும் நீங்க இல்ல."

அவர் வேனிலிருந்து இறங்கி ஓடினார். கதவைத் தட்டினார். "ஸ்டெல்லா, அப்பாடா. பயப்படாத."

உள்ளிருந்து அவர் குரலே பேசியது. "ஸ்டெல்லா, வெளியில யாரோ என் குரல்ல பேசுறான். கதவுகிட்ட போகாத."

குரலைத் திருடி வீடு புகும் கூட்டம் பெருகியிருந்த காலம் அது. எந்தக் குரல் கேட்டாலும் நம்பாதே என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான்.

"எங்கப்பா திண்டுக்கல்ல இருக்காரு," என்று அவள் உள்ளே கத்தினாள். "நீ போயிடு."

"பொய் சொல்லிட்டேம்மா. நான் போகவே இல்ல."

"போயிடு."

தலைமையகம் அனுமதி தந்து கதவு திறந்தபோது அவள் மேசைக்கடியில் சுருண்டு கிடந்தாள். மூச்சு சீராகத்தான் இருந்தது. அவர் தொட்டதும் விலகிப் பின்னால் நகர்ந்தாள். வெகுநேரம் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையைக் கொடுத்தாள்.

மாலைக்குள் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார் சவரிமுத்து. உணர்பட்டையையும் கொடுத்துவிட்டார். ஃபரீதா தயங்கினாள். "நாடிப் பதிவை எடுத்துட்டுப் புதுசாப் பழக்கலாம் சார். ஆனா அப்ப அதுக்குப் பயமே இருக்காது, யார் கேட்டாலும் கதவைத் திறந்துவிடும்."

"வேணாம்மா."

மறுநாள் காலை அவரே தொப்பியை எடுத்துக் கொடுத்தார். லாரியைப் பற்றியோ மழையைப் பற்றியோ ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஸ்டெல்லா தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"நான் போகல. வெளியில இருக்காங்க."

"யாரும் இல்லடா. வா, நான் முன்னாடி நடக்கிறேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். நல்ல வெயில். திரும்பிப் பார்த்தபோது கதவு சாத்தியிருந்தது.

"ஸ்டெல்லா, வாம்மா. நேரமாச்சு."

கதவுக்குப் பின்னாலிருந்து மெல்லிய குரல் வந்தது.

"நீ எந்த அப்பா?"

"உன் அப்பாதாம்மா."

"அவரும் அப்படித்தான் சொன்னாரு."

அவர் வாய் திறப்பதற்குள், உள்ளே அவள் சிரமப்பட்டு இழுத்துத் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.