கூப்பிட ஆளில்லாத பெயர்

பேரன் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்த பிறகும், ஸ்கேட்டிங் தளத்தில் சக்கரங்கள் உருளும் சத்தம் நிற்கவில்லை.

சூர்யநாராயணன் திரும்பிப் பார்த்தார். செம்மண்டலம் பூங்காவில் அந்த ஆண்டு போட்ட சிமெண்டுத் தளம், நடுவில் கிண்ணம் போலக் குழிந்து, அந்திக் கருக்கலில் சாம்பல் நிறத்தில் கிடந்தது. மற்றப் பிள்ளைகள் போய்விட்டிருக்க, கெடிலம் ஆற்றுப் பக்கமிருந்து வந்த ஈரக்காற்றில் ஊஞ்சல் சங்கிலியின் துருவாடை கலந்திருந்தது. யாரும் இல்லை. சத்தம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

அதைவிட அந்தப் பெஞ்சுதான் அவரை உறுத்தியது. சம்பந்தி பொன்னுரங்கம் குனிந்து பேரனின் சக்கர ஷூவைக் கழற்ற, அவன் அவர் வழுக்கைத் தலையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். சிதம்பரம் கீழவீதியிலிருந்து பஸ் ஏறி வந்த சூர்யநாராயணனிடம் அவன் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை.

"என்னா சம்பந்தி, தள்ளி நின்னுட்டீங்க? ஒரு காலு எம் பங்கு, ஒரு காலு ஒங்க பங்கு. வந்து புடிங்க."

"எங்க வீட்ல பெரியவுங்க காலத்தான் புடிச்சுப் பழக்கம்."

தலைப்பேரனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர் வைப்பது சூர்யநாராயணனின் குடும்ப வழக்கம்; அப்படியே வைத்தார்கள். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பதும் அதே குடும்பத்தின் வழக்கம். மகனும் அப்பா பெயரைச் சொல்லிப் பிள்ளையை அதட்ட மாட்டான். அதனால் பொன்னுரங்கம் கொஞ்சிய 'பாபு'வே நிலைத்துவிட்டது. அந்தப் பெயரைச் சூர்யநாராயணன் ஒருநாளும் உச்சரித்ததில்லை.

"சூர்யநாராயணா," என்று கூப்பிட்டார்.

பையன் நிமிரவில்லை.

"பாபு, தாத்தா கூப்புடறாரு பாரு."

"அவரு அவரையே கூப்ட்டுக்கறாரு," என்றான் பையன்.

ஒரு ஷூவைக் கழற்றி முடித்த பொன்னுரங்கம், மற்றதைச் சம்பந்தியின் பங்குக்கு விட்டுவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு டி.வி.எஸ்ஸை எடுத்துவர வாசலுக்குப் போனார்.

சூர்யநாராயணன் பெஞ்சுக்கு முதுகைக் காட்டி நின்றார். இவன் இல்லாவிட்டால் இந்தப் பெயருக்கு வேறு எவனாவது வரட்டும் என்ற வீம்பில், ஆளில்லாத தளத்தைப் பார்த்து மறுபடி கூப்பிட்டார்.

சக்கரச் சத்தம் நின்றது.

"வந்துட்டேன் தாத்தா."

பேரனின் உயரம். பேரனின் சட்டை. குழியிலிருந்து ஏறி நேராக அவரிடம் வந்து அவர் விரலைப் பிடித்துக்கொண்டது. பயத்துக்கு முன்னால், அவருக்குள் ஒரு மகிழ்ச்சி பொங்கியது. என்னிடம் வந்துவிட்டான்.

விரல் சில்லிட்டது. ஈரச் சிமெண்டு வாடை.

குனிந்து பார்த்தார். முகம் இருக்க வேண்டிய இடம் பூசி மெழுகியது போல மொழுமொழுவென்றிருந்தது.

பின்னால் ஒரு காலின் சக்கர ஷூ மட்டும் உருண்டது. பேரன். மற்றக் கால் வெறுங்கால். யாரோ இழுப்பது போல அவரைத் தாண்டிக் குழியை நோக்கிப் போனான்.

"சூர்யநாராயணா."

"இங்கதான இருக்கேன் தாத்தா." பிடி இறுகியது.

பையன் திரும்பவில்லை. எப்படித் திரும்புவான். அது அவனுக்குப் பழகாத பெயர்.

இன்னொரு பெயர் நாக்கு நுனியில் இருந்தது. சம்பந்தி வைத்த பெயர். சொன்னால் திரும்புவான். ஒரே ஒரு முறை.

அதை விழுங்கினார்.

"சூர்யநாராயணா," என்றார், இன்னும் உரக்க.

குழியின் விளிம்பில் பையன் நின்றான். கையைப் பிடித்திருந்ததன் முகத்தில் கண் திறந்தது. பிறகு மூக்கு. பிறகு பேரனின் தெற்றுப்பல் சிரிப்பு.

"ஒங்க பேரன்தான் தாத்தா."

விளிம்பில் நின்றவன் மெல்லத் திரும்பினான்.

கண் இல்லை. வாய் இல்லை. கழுத்துக்கு மேல் வழவழப்பான சிமெண்டு, அவர் நின்ற பக்கமாகத் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தது.