இரவல் விலாசம்

அந்த ஆள் வந்தபோது வண்டிச் சத்தம் கேட்கவில்லை. சூசைதாசன் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பத்து மாதமாக மாஸ்க்கின் வார் இழுத்துக் காதிரண்டும் நொந்துபோயிருந்தன. தனக்குத்தான் கேட்கவில்லையாக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

ஸ்ரௌவ்வில் நகரில் இருந்து வடக்கே நாற்பது நிமிட ஓட்டத்தில், ஸ்நோமொபைல் கிளப் ஒன்றின் லொட்ஜ் அது. பனிமேல் வண்டி ஓட்டுகிறவர்கள் வழியில் நின்று குளிர் காய்கிற இடம். தொழிற்சாலை மார்ச்சில் ஆட்களை நிறுத்தியபோது சூசைதாசனுக்கும் வேலை போனது. லொட்ஜை நடத்திய வயதான தொண்டர்கள் கொரோனாவுக்குப் பயந்து ஒதுங்க, சூசைதாசனின் ஐம்பத்தெட்டு வயது அவர்களுக்கு இளமையாகத் தெரிந்திருக்க வேண்டும், பூட்டுத் திறப்பை இவரிடம் கொடுத்துவிட்டார்கள். முந்தி சனிக்கிழமைகளில் நாற்பது பேர் ஈரச் சப்பாத்தோடு கும்மாளம் போட்ட மண்டபம் இப்போது பூட்டு. யன்னலால் கோப்பியும் சூப்பும் மட்டும். வெளியே ஆறடிக்கு ஒரு சிவப்பு நாடாக் குறி. வருகிற ஒவ்வொருவரும் பெயரும் விலாசமும் கொப்பியில் எழுத வேண்டும், நாளைக்கு யாருக்காவது நோய் வந்தால் மற்றவர்களைத் தேடிப் பிடிப்பதற்கு. ஒரு வரி வெறுமையாக இருந்தாலும் லொட்ஜையும் பனிவண்டிப் பாதையையும் மூடிவிடுவோம் என்று சுகாதாரப் பரிசோதகர் ஏற்கெனவே ஒருமுறை எச்சரித்திருந்தார்.

இந்த வேலை வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. மனைவி ஜூலிக்குப் போன வருடம்தான் சிறுநீரகம் மாற்றியது. சாதாரணத் தடிமன் காய்ச்சலே ஆளைக் கொண்டுபோய்விடும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். பத்து மாதமாக வேறொருவரும் அந்த வீட்டுக்குள் கால் வைக்கவில்லை. மகள் பேர்ணடெற்கூடக் காருக்குள் இருந்தபடியே கதைத்துவிட்டுப் போவாள். சூசைதாசன் கராஜுக்குள் உடுப்பைக் கழற்றி, சுடுதண்ணீரில் குளித்து, தனியறையில் படுப்பார். எதையும் வீட்டுக்குக் கொண்டுபோய்விடக் கூடாது. அவருடைய பயமெல்லாம் அது ஒன்றுதான். வேறு பயங்களுக்கு உடம்பில் தெம்பில்லை.

செவ்வாய் பின்னேரம் நாலரைக்கு அந்த ஆள் கடைசிக் குறியில் நின்றான். கறுப்பு உடுப்பு, கறுப்பு ஹெல்மெற், முகத்தை மூடிய கண்ணாடி. கண்ணாடியில் பனி பூத்திருந்தது, வெளிப்பக்கம் அல்ல, உள்பக்கம். கோப்பி வேண்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். கொப்பியைத் தள்ளிவிட்டு, சூப் சட்டியை இறக்கத் திரும்பினார். மறுபடி பார்த்தபோது குறியில் ஆளில்லை. கொப்பியில் பெயர் எழுத வேண்டிய இடத்தில் ஈரம் மட்டும் இருந்தது. கையுறை அளவுக்கு.

அடுத்த நாள் காலை பரிசோதகர் வரவிருந்தார். சூசைதாசன் பேனையை எடுத்து, பெயருக்கு 'விருந்தாளி' என்று ஆங்கிலத்தில் எழுதி, விலாசத்துக்குத் தன் வீட்டு விலாசத்தையே போட்டார். யோசித்துச் செய்ததல்ல, பழக்கம். தொண்ணூறுகளில் அகதியாய் வந்து இறங்கியவனுக்கு முதலில் தேவைப்பட்டது விலாசம்தான். வேலைக்கு, வங்கிக்கு, இமிகிரேஷன் கடிதத்துக்கு. அந்த நாளில் சூசைதாசனின் அபார்ட்மென்ற் விலாசத்தில் முன்பின் தெரியாத எத்தனையோ பேர் குடியிருந்தார்கள், காகிதத்தில் மட்டும். போக இடமில்லாதவனுக்கு விலாசம் கொடுத்தால் என்ன குறைந்துவிடப் போகிறது என்பது அவருடைய எண்ணம்.

பரிசோதகர் வந்தார், வரிகளை எண்ணினார், தலையாட்டிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை ஒருவரும் வரவில்லை. மத்தியானமே மெஷினில் போய்ப் பாதையைச் சமப்படுத்திவிட்டு வந்திருந்தார். இஸ்திரி போட்ட வேட்டி மாதிரிக் கிடந்தது பாதை. ஐந்து மணிக்கு முன்பே இருட்டத் தொடங்கியது. மரங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கறுத்தன, ஹீற்றர் ஒரே சீராக இரைந்தது, கூரையில் பனி இறுகிப் பலகை முறியும் சத்தம் இடையிடையே வந்தது. சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தவருக்கு ஒரு மணம் பட்டது. கனகாலம் திறக்காத ஐஸ் பெட்டியின் மணம். நிமிர்ந்தார்.

யன்னலோடு நின்றான்.

குறியில் அல்ல. கண்ணாடியோடு. பாதையில் ஒரு தடமும் இல்லை. வண்டித் தடம் இல்லை. சப்பாத்துத் தடம் இல்லை. யன்னல் கண்ணாடியில் சூசைதாசனின் மூச்சு புகையாய்ப் படிந்தது. அவன் பக்கத்தில் ஒன்றும் படியவில்லை.

சூசைதாசனுக்குப் பயத்திலும் சலிப்புத்தான் முந்திக்கொண்டது. வருகிற எல்லோருக்கும் பனி தொடங்கிய நாள்முதல் சொன்ன பதில், இந்தத் தடவை தமிழில் வந்தது.

"உள்ள விட ஏலாது. வீட்டை போங்கோ."

ஹெல்மெற் மெல்லக் குனிந்தது. அதுவரை அசையாதது. சரி என்பது போல.

பிறகு யன்னலில் இருட்டு மட்டும். சூசைதாசன் செபமாலையைப் பிடித்தபடி எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது. எல்லாவற்றையும் பூட்டிவிட்டு ஓடலாம் என்று கொப்பியை எடுத்தார். செவ்வாய்க்கிழமைத் தாள் இல்லை. கிழித்த விளிம்பு ஈரமாக இருந்தது. அந்தத் தாளில் அந்த ஆளுக்கென்று இருந்தது ஒரேயொரு விலாசம். எழுதியவர் அவர்தான்.

ஜூலியை அழைக்கப் போனை எடுத்தபோது, அவளே அழைத்தாள். வீடியோ அழைப்பு.

"இஞ்சாருங்கோ, நீங்கள் அனுப்பின ஆள் வந்திட்டார்."

"நான் ஒருத்தரையும் அனுப்பேல்லை. கதவைத் திறக்காதையும், ஜூலி."

"திறந்திட்டனே. உங்கட கையெழுத்தில எங்கட விலாசம் எழுதின தாளைக் காட்டினவர். பாவம், விறைச்சுப்போய் நிண்டவர்."

அவள் மாஸ்க் போட்டிருக்கவில்லை. வரவேற்பறையின் மஞ்சள் வெளிச்சத்தில் நின்று கதைத்தாள், கதைக்கக் கதைக்க வாயிலிருந்து வெண்புகை வந்தது. வீட்டுச் சூட்டை எழுபத்தைந்து பாரன்ஹீற்றுக்குக் குறைய விடாதவள். அவளுக்குப் பின்னால் சோபாவில், கையிரண்டையும் முழங்காலில் வைத்து, முதுகை நிமிர்த்தி, அது உட்கார்ந்திருந்தது. சப்பாத்தைச் சுற்றியிருந்த பனி உருகவில்லை.

"ஜூலி. வெளியில போம். பின்கதவால. இப்ப."

அவளுக்கு அது கேட்டதாகத் தெரியவில்லை. முகத்தில் களைப்பான, இனிமையான ஒரு சிரிப்பு இருந்தது. பத்து மாதத்துக்குப் பிறகு வீட்டுக்கு ஆள் வந்த சந்தோசம்.

"மற்றாக்கள் வெளியில நிக்கினம்," என்றாள். "நல்ல ஒழுங்கான ஆக்கள். ஒவ்வொருத்தராய் உள்ள விடட்டோ?"

போனை வாசல் பக்கம் திருப்பினாள். கதவு அகலத் திறந்திருந்தது. வாசல்படியில் ஒரு ஹெல்மெற். அதற்குப் பின்னால் கார் நிற்கும் இடத்தில் ஒன்று. தெருவிளக்கின் கீழே ஒன்று. அதற்கப்பால், வீதி முடிகிற வளைவு வரைக்கும், ஆறடிக்கு ஒன்றாக, தடமே விழாத பனியில், கையில் ஆளுக்கொரு தாளோடு.