கீழே கேட்கவில்லை

“ஆளே இல்லாத மாடியை வாடகைக்கு விட்டா உங்களுக்கு என்னப்பா குறைஞ்சுடும்?”

“ஆளில்லைன்னு உனக்கு யார் சொன்னா?”

“அம்மா போய்ச் சேர்ந்து வருஷம் திரும்பப் போகுது.”

“அது எனக்குத் தெரியும். சாவியைக் குடு.”

பக்கத்து வீட்டில் அப்பாவும் மகளும் இப்படி மோதிக்கொள்ளும்போது காதைப் பொத்திக்கொள்ளும் அளவுக்கு நான் நல்லவள் இல்லை. காய்ந்த துணியையே திரும்பத் திரும்ப உதறிக்கொண்டு நின்றேன்.

அவர் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவியோடு எதற்குச் சண்டை என்பது இருவருக்குமே மறந்துபோயிருக்கும்; ரோஷம் மட்டும் மறக்கவில்லை. அம்மாள் மாடியில், இவர் கீழே. ஏதாவது வேண்டுமென்றால் அம்மாள் கைத்தடியால் தரையைத் தட்டுவாள், மகள் ஓடுவாள். மகள் வேலைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் தட்டல் கேட்டது. இவர் ரேடியோவைக் கூட்டி வைத்தார். மறுபடியும் தட்டல். இன்னும் கூட்டினார். மகள் திரும்பி வந்தபோது அம்மாள் தரையில் கிடந்தாள், கையில் தடியோடு.

பிறகு இவரே மயங்கி விழுந்தார். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தார்கள். யாரும் கூப்பிடாமலே நான் ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போனேன். மிஷினைச் சோதிக்கும் டெக்னீஷியன் பொறுமையாக விளக்கினான்.

“இதயத்துல மேல் அறை, கீழ் அறைன்னு இருக்குங்க. மேலேர்ந்து கரண்ட் வந்தாத்தான் கீழ துடிக்கும். உங்களுக்கு நடுவுல வழி அடைச்சுக்கிச்சு. மேல தட்டுது, கீழ கேக்கல. இனிமே மிஷின் அதைக் கேட்டுக் கீழ சொல்லும்.”

அவர் முகத்தை நான் பார்த்திருக்க வேண்டாம்.

அடுத்த சோதனையில் அவன் திரையையே வெறித்தான். “மத்தியானத்துல மட்டும் கொஞ்ச நேரம் மிஷினுக்கு வேலையே இல்ல. மேலேர்ந்து தானாவே கீழ வந்து சேருது. சில பேருக்கு இப்படி ஆகும்.”

“தம்பி, மத்த நேரமெல்லாம் இது முந்திக்கிட்டுப் பதில் சொல்லிடுது. கொஞ்சம் பொறுக்கச் சொல்லேன். நான்தான் சொல்லணும்.”

“அவர் பேச்சைக் கேக்காதீங்க” என்று மகள் அவனை வெளியே அழைத்துப் போனாள். அதைப் பற்றியே இருவரும் வெகுநேரம் பேசினார்கள். எனக்கு அப்போதே மூக்கு வியர்த்துவிட்டது.

சாவிச் சண்டை அதற்குப் பிறகு வந்ததுதான். கடைசியில் சாவியை வீசிவிட்டு மகள் வேலைக்குப் போய்விட்டாள். “அக்கா, கொஞ்சம் பாத்துக்குங்க.”

மத்தியானம் போனேன். திரை இழுத்துவிட்ட அறை. தைலமும் ஈரச்சுவரும் கலந்த வாடை. சாவியை மூடிய கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

டக்.

மேலே.

அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.

டக். ஒரு துடிப்பு.

டக். ஒரு துடிப்பு.

“கேக்குதாம்மா?”

“கேக்குது.”

“ரேடியோ இல்லேன்னா நல்லாவே கேக்குது” என்றார், மிக மெல்ல.

படியேறினோம். கையை நான் விடவில்லை. ஒவ்வொரு படிக்கும் தட்டல் கிட்டே வந்தது. பூட்டு திறந்தது.

தட்டல் நின்றது.

உள்ளே யாருமில்லை. தரை முழுக்கத் தூசி, ஒரு காலடிகூட இல்லாமல். நடுவில் மட்டும், கைத்தடியின் நுனியளவு, ஒரு வட்டம் பளிச்சென்று தேய்ந்திருந்தது.

அவர் மண்டியிட்டு அதன்மேல் உள்ளங்கையை வைத்தார்.

“வந்துட்டேன்.”

காத்திருந்தார்.

விரல் முட்டியால் தட்டினார். காத்திருந்தார். மறுபடி தட்டினார்.

பதில் வரவில்லை. என் விரலடியில் நாடியும் இல்லை.

மிஷின் கடைசிவரை சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்ததாம். டெக்னீஷியன் பிறகு பார்த்துச் சொன்னான். கேட்கத்தான் இதயம் இல்லை.

மகள் அவனைத்தான் கட்டிக்கொண்டாள். தெருவில் எல்லாருக்கும் முன்னால் எனக்குத் தெரியும். இருவரும் வெளியூருக்குப் போய்விட்டார்கள். கீழ் வீட்டைப் பூட்டி, மாடியை ஓர் இளம் ஜோடிக்கு விட்டார்கள். அந்தப் பெண் ஒருநாள் என்னிடம் வந்தாள்.

“கீழ யாருக்கா இருக்காங்க? மத்தியானமானா எங்க தரையை அடியிலேர்ந்து தட்டுறாங்க.”

“நீ ஒரு தடவை திருப்பித் தட்டிப் பாக்கலாமேம்மா” என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அந்த வாரமே காலி செய்துகொண்டு போய்விட்டார்கள்.