கறுக்காத ஃபில்டர்

மற்ற வீடுகளிலிருந்து திரும்பி வந்த ஃபில்டர்கள் எல்லாம் கரியைத் தடவியதுபோல் இருந்தன. லாரிப் பட்டறைகளை ஒட்டிய கடைசி வீட்டிலிருந்து வந்தது மட்டும், அப்போதுதான் உறையைப் பிரித்ததுபோல், வெள்ளை வெளேரென்று இருந்தது.

மேஜை விளக்கைத் தாழ்த்தி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள் அவள். அந்தத் தெருவின் புகை அங்கே வாழ்கிறவர்களின் நுரையீரலை என்ன செய்கிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. வீட்டுக்கு ஒருவர், சின்ன பம்ப் ஒன்றை ஒரு வாரம் தோளில் மாட்டிக்கொண்டு திரிய வேண்டும். அது காற்றை உறிஞ்சி, அழுக்கைக் காசளவு ஃபில்டரில் பிடித்துவைக்கும். தினம் ஒரு ஃபில்டர்; அன்றன்றைக்கே அவள் மேஜைக்கு வந்துவிடும்.

"அந்தம்மா உங்களுக்கு நல்லா டிமிக்கி குடுத்திருக்காங்க," என்றார் பக்கத்து மேஜைக்காரர். "பம்பை பீரோவுல வெச்சுப் பூட்டியிருப்பாங்க. பீரோவோட நுரையீரல் பிரமாதம்னு எழுதிடுங்க."

அவளுக்கும் அதே சந்தேகம்தான். ஒரு வீட்டின் பொய் போதும், மொத்த ஆராய்ச்சியும் கெட்டுப்போக. மறுநாள் சாயங்காலமே, சொல்லாமல் கொள்ளாமல், அந்த வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

தெருவில் லாரிகள் உறுமிக்கொண்டு நின்றன. டீசல் புகையும் வெல்டிங் நெடியும் சூடேறிய ரப்பர் நாற்றமும் தொண்டையில் அப்பிக்கொள்ள, கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி படியேறிக் கதவைத் தட்டினாள். கதவு திறந்ததும், முதுகில் யாரோ கைவைத்துத் தள்ளியதுபோல், தெருக்காற்று அவளோடு சேர்ந்து உள்ளே பாய்ந்தது. கதவு தானாகவே அறைந்து மூடிக்கொண்டது.

நாற்றம் நின்றது. குறையவில்லை, அடியோடு நின்றது. எதிரே அடுப்பில் வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தது. அதற்கும் வாசனை இல்லை. வாணலியிலிருந்து எழுந்த ஆவி மேலே போகாமல், கயிறுபோல் படுத்து, பின்னறைப் பக்கமாக ஓடியது.

கதவைத் திறந்த வீட்டுக்காரியின் தோளிலேயே பம்ப் தொங்கியது, ஓடிக்கொண்டு.

"நம்ப மாட்டீங்கன்னு தெரியும், டாக்டரம்மா," என்றாள் வீட்டுக்காரி.

"உள்ளே ஃபேன் எதுவும் ஓடுதா?"

"இல்லீங்க. அண்ணன் படுத்திருக்காரு."

காற்றிலுள்ள புகையை அளக்கும் கையடக்க மீட்டரை அவள் எடுத்தாள். பூஜ்யம். எந்த வீட்டிலும் அவள் பூஜ்யத்தைப் பார்த்ததில்லை. தட்டிப் பார்த்தாள். பூஜ்யம். இவள் எதையோ மறைக்கிறாள். பட்டறைக்காரர்கள் கொண்டுவந்து வைத்த இயந்திரமாக இருக்குமோ? தன் ஆராய்ச்சியைக் கவிழ்க்க எவ்வளவு தூரம் போவார்கள்?

பின்னறைத் திரை உள்பக்கமாக உப்பி நின்றது. காற்றென்றால் திரை போகும், வரும். இது திரும்பி வரவில்லை. அதற்கு அப்பாலிருந்து மெல்லிய இழுப்புச் சத்தம் கேட்டது. முடியும், முடியும் என்று காத்திருந்தாள். முடியவில்லை.

"அவருக்கு என்ன உடம்புக்கு?"

வீட்டுக்காரி அடுப்பை அணைத்தாள். "போன வருஷம் முகாம்ல அண்ணனுக்கு ஊதுற டெஸ்ட் எடுத்தீங்களே, ஞாபகம் இருக்கா?"

இல்லை. எத்தனையோ முகங்கள்.

"'நல்லா இழுங்க, நான் சொல்ற வரைக்கும் விடாதீங்க'ன்னு சொன்னீங்க. கரண்ட் போயிடுச்சு. நீங்க மெஷினைப் பாக்க ஓடிட்டீங்க."

"அப்புறம்?"

"நீங்க சொல்லவே இல்லையே."

பைத்தியம், என்று நினைத்தாள். கால்கள் அதற்குள் நடந்திருந்தன. திரையை விலக்கினாள்.

கட்டில் தெரியவில்லை. நெஞ்சுதான் தெரிந்தது. இரண்டு பக்கச் சுவரையும் தொட்டு, உத்தரம் வரை எழும்பிய நெஞ்சு. தோல் கண்ணாடியாக இழுபட்டிருந்தது. உள்ளே கறுப்பு. மெதுவாகச் சுழலும் கறுப்பு. ஒரு வருஷத்துத் தெரு முழுவதும்.

ஓரத்தில் ஒரு சிறிய முகம். வட்டமாகத் திறந்த வாய். பொறுமையான கண்கள்.

"நாங்க சொன்னா கேக்க மாட்டேங்குறாரு," வீட்டுக்காரியின் குரல் அவள் காதருகில் கெஞ்சியது. "நீங்க சொல்லிடுங்க. பாவம், எவ்வளவு நாள்தான் தாங்குவாரு. அண்ணே, டாக்டரம்மா வந்திருக்காங்க."

கண்கள் திரும்பின. அவளைப் பார்த்தன.

கூடாது. இது வெளியே வந்தால் இந்த வீடு, இந்தத் தெரு...

"விட்டுடாதீங்க!" என்று கத்தினாள்.

பாதிச் சொல்லை அந்த வாய் உறிஞ்சிக்கொண்டது. அறையில் கேட்டது முன்பாதி மட்டும்தான்.

"விட்டுடா..."

இழுப்பு நின்றது.

"அப்பாடா," என்றாள் வீட்டுக்காரி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

உத்தரத்தைத் தொட்டிருந்த நெஞ்சு, ஒரு விரல்கடை அளவு, கீழே இறங்கியது.