சாலையோரப் பனிமேடு

பூஜ்யத்துக்குக் கீழே ஐம்பது டிகிரியில் எதுவும் நாறாது. சாணம் நாறாது, மீன்குடல் நாறாது, தொழுவத்துக்குப் பின்னால் செத்துக் கிடக்கும் நாய்கூட மே மாதம் வரை நாறாது. அதனால்தான் டிசம்பர் மத்தியானத்தில், குடிதண்ணீருக்காக ஏரியிலிருந்து வெட்டி வாசலில் அடுக்கியிருந்த பனிக்கட்டிகளில் ஒன்றைத் தூக்க வெளியே வந்த குன்னெய், மூக்கை மறைத்திருந்த கம்பளித்துணியை இறக்கிவிட்டு அப்படியே நின்றாள். ஈரமண் வாடை அடித்தது. கோடையில் சதுப்பில் மிதித்த காலை உருவி எடுக்கும்போது வருமே, அந்த வாடை.

வேலிப்பக்கமிருந்து வந்தது. வேலிக்கு அந்தப்பக்கம் மூன்று வருஷத்துக்கு முன் போட்ட சரளைச் சாலை. அதில் விழுகிற பனியையெல்லாம் இயந்திரம் வழித்து வழித்து ஓரத்தில் தள்ளியதில் ஆள் உயரத்துக்கு மேடு எழும்பி, வேலியையே முழுங்கிவிட்டது. இன்றைக்கு மேட்டின் அடியில் கறுப்பாக ஒரு விரிசல் தெரிந்தது. அடுப்பிலிருக்கும் பானையின் மூடி சற்று விலகினாற்போல அதிலிருந்து ஆவி கசிந்துகொண்டிருந்தது.

பனி வழிக்கும் இயந்திரம் உறுமிக்கொண்டு வந்து நின்றது. ஸ்தெபான் எஞ்சினை அணைக்காமல் இறங்கினார். குளிர்காலத்தில் இந்த ஊரில் யாரும் அணைக்கமாட்டார்கள்; அணைத்தால் உறைந்து திரும்பக் கிளம்பாது.

"அண்ணே, இங்க வந்து பாருங்க. மண்ணு வேகுது."

"வேகுதா? உப்பு போட்டியா?"

"வெளையாடாதீங்க. நாங்க கம்பத்து மேல நிக்கிற வீட்டுக்கடியில சேர்ற பனியக்கூட வாரி வெளிய கொட்டறோம், குளிர் கீழ எறங்கட்டும்னு. நீங்க ஆள் உசரத்துக்குக் கம்பளியாட்டம் போத்தி வுட்டா பூமி எப்படி உறையும்? எளகினா வீடு எறங்கிடாதா?"

"எனக்கு மட்டும் தெரியாதா தாயி? ரோட்டுல பனி இருக்கக்கூடாதுன்னு உத்தரவு. ஓரத்துல கெடக்கிறத அள்ளிக்கிட்டுப் போக ஒரு லாரி குடுங்கன்னேன். ஆபீசுல சிரிக்கிறானுங்க." குனிந்து விரிசலைப் பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் கிண்டல் இல்லை. "கொஞ்ச நாளா இந்த எடம் வந்தா சத்தம் வேற மாதிரி கேக்குது. கீழ ஒண்ணுமே இல்லாத மாதிரி."

"அப்ப ரோட்ட மூடுங்கண்ணே. அய்தால் இன்னிக்குப் புள்ளயக் கூட்டிக்கிட்டு இதுலதான் வர்றான்."

"மூடற அதிகாரம் இருந்தா நான் ஏன் இந்த வண்டியில குந்திக்கிட்டிருக்கேன்? அந்தப் பக்கந்தான் போறேன். எதிர்ல பாத்தா, உறைஞ்ச ஆத்து மேலயே வரச் சொல்றேன். போ, உள்ள போ. மூக்கு வெளுத்துப் போச்சு பாரு."

அவர் போய்விட்டார். ஆறு வயது மகள் துயாராவுக்குக் காதில் அறுவை சிகிச்சை முடிந்து இன்றைக்குத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியிருக்கிறார்கள். புருஷன் அய்தாலும் பிள்ளையும் அந்தப் பழைய வேனில் இந்நேரம் பாதி வழி வந்திருப்பார்கள். சொல்ல வழியில்லை. இந்தச் சாலையில் எங்குமே சிக்னல் கிடையாது. வீட்டிலும் சமையலறை ஜன்னலோரம் ஒரு சாண் இடத்தில்தான் போன் பேசும்.

மூன்று மணிக்கே இருட்டிவிட்டது. வழியில் இருப்பவர்களுக்காக எல்லாரும் செய்வதுபோல அடுப்பு நெருப்புக்குப் படையலாக ஒரு துண்டு வெண்ணெயைப் போட்டுவிட்டு, குதிரைக்குட்டி இறைச்சியைக் கொதிக்க வைத்துவிட்டு, ஜன்னலில் படிந்த பனியை நகத்தால் சுரண்டி அந்த ஓட்டை வழியாகச் சாலையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இறைச்சி கொதிக்கும் சத்தமும் குளிரில் சுவர்க்கட்டைகள் நெரிபடும் சத்தமும் தவிர வேறொன்றும் கேட்காத நேரத்தில், அலமாரியில் கோப்பைகள் ஒன்றோடொன்று மோதி மெல்லக் கிணுகிணுத்தன. கனமான லாரி போனால் அப்படித்தான் ஆகும். லாரி எதுவும் போகவில்லை. சாலை வெறிச்சென்று கிடந்தது.

சத்தம் அடங்கவில்லை. காதால் கேட்பதைவிடக் காலால்தான் அதிகம் தெரிந்தது. தரைப்பலகை அதிர்ந்தது.

போன் அடித்தது. அய்தால்.

"எங்க இருக்க?"

"வந்துக்கிட்டே இருக்கோம். ரோடு என்னமா இருக்கு தெரியுமா, ஒரு குலுக்கல் இல்ல. சூடா வேற இருக்கு. ஹீட்டர அணைச்சிட்டேன். பாப்பா கோட்டக் கழட்டிப் போட்டுட்டா."

"அங்க சிக்னலே கிடையாதே. எப்படிப் பேசற?"

"என்னவோ கெடைக்குது."

"ஸ்தெபாண்ணனப் பாத்தியா? உன்ன ஆத்துப்பக்கம் வரச் சொல்றேன்னாரே."

"முன்னாலதான் போறாரு. செகப்பு லைட்டு தெரியுது. வழிச்சுக்கிட்டே போறாரு. ஆனா இங்க பனியே இல்ல குன்னெய். மண்ணத்தான் வழிக்கிறாரு."

ஸ்தெபான் போனது கிழக்கே. அய்தால் வருவது அங்கேயிருந்து மேற்கு நோக்கி. அவர் எப்படி அவனுக்கு முன்னால் போவார்?

"வண்டிய நிறுத்து. வானம் தெரியுதான்னு பாரு."

அவன் கண்ணாடியை இறக்கும் சத்தம் கேட்டது.

"தெரியல. ரெண்டு பக்கமும் செவுரு மாதிரி ஐஸ். மேலயும்."

"புள்ளயத் தூக்கிக்க. வந்த வழியே நட. அய்தால், நான் சொல்றதக் கேளு."

"பின்னால வழி இல்ல." அவன் குரலில் பயமே இல்லை. அதுதான் அவளைக் கலக்கியது. "எதுக்கு அழற? கிட்ட வந்துட்டோம். நம்ம வீட்டுக் கம்பமெல்லாம் தெரியுது. வேர் மாதிரி மேலேர்ந்து தொங்குது."

வீட்டைத் தாங்கும் மரக்கம்பங்கள். உறைந்த மண்ணுக்குள் ஆழமாக இறக்கியவை.

நடுவில் துயாராவின் குரல் வந்தது. "அம்மா, எனக்கு இப்ப நல்லாக் கேக்குது. இங்க நெறைய பேர் பேசறாங்க."

"யாரு கண்ணு? யாரு பேசறாங்க?"

"தெரியல. உன்னத்தான் கூப்பிடறாங்க."

அதிர்வு நேராகக் காலடிக்கு வந்தது. ஒரு நிமிஷம் அங்கேயே உறுமியது. பிறகு எஞ்சின் அணைந்தது.

கோட்டு போடவில்லை. கையுறை போடவில்லை. போனைப் பிடித்தபடி வெளியே ஓடினாள். குளிர் நெஞ்சை அடைத்தது. அக்கம்பக்கத்து ஜன்னல்கள் தூரத்தில் மங்கலாகத் தெரிந்தன. கத்தினாள். மூச்சு உறைந்து காதோரம் சரசரத்தது. ஒரு கதவும் திறக்கவில்லை.

பனிமேடு மஞ்சளாக இருந்தது. உள்ளே விளக்கு எரிகிறது. இங்கு மட்டுமில்லை. கிழக்கே கண்ணுக்கெட்டிய மட்டும், மேட்டுக்கடியில், வரிசையாக. ஒன்றன்பின் ஒன்றாக வண்டிகள் நிற்பதுபோல. ஊரில் மொத்தம் அத்தனை வண்டிகள் கிடையாது.

மண்டியிட்டாள். போனைப் பனிமேல் வைத்தாள். விரிசலை வெறுங்கையால் தோண்டினாள். நகம் பிய்ந்தது. வலி தெரியவில்லை. கை முழங்கை வரை உள்ளே போனது.

மண் சூடாக இருந்தது. கொழகொழவென்று.

"துயாரா."

ஒரு கை அவள் விரல்களைப் பிடித்தது. சின்னக் கை. அவளுக்குத் தெரியாதா அந்தக் கை.

இழுத்தாள். வரவில்லை. மறுபடி இழுத்தாள்.

இந்தக் குளிரில் போன் எப்போதோ செத்திருக்க வேண்டும். அது பேசியது. பிள்ளை சிரித்தாள்.

"அப்பா, அம்மா கையப் புடிச்சிட்டேன்."

மணிக்கட்டுக்கு மேல் இன்னொரு கை பிடித்தது. பெரியது. அதற்கு மேல் இன்னொன்று. அதற்கு மேல் இன்னொன்று. விரலை உதறினால் ஒருவேளை தப்பலாம். உதறினால் பிள்ளை போய்விடும்.

குன்னெய் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கன்னம் பனியில் பதிந்தது. தோள் உள்ளே இறங்கியது. கீழேயிருந்து, அவசரமே இல்லாமல், எல்லாரும் சேர்ந்து இழுத்தார்கள்.