இரண்டு பொத்தானும் ஒரு மவுசும்

தேவதானப்பட்டிப் பள்ளியில் வினாடி வினா. அதற்கு விளக்குப் பெட்டி செய்து தருகிறேன் என்று பெருமையாக ஏற்றுக்கொண்டவன் சினேகாவின் அண்ணன் சுரேஷ்கண்ணன், பொறியியல் கல்லூரி மாணவன். பொத்தானை முதலில் அமுக்கும் அணியின் விளக்கு எரியும். விடை சொல்லும் வாய்ப்பு அவர்களுக்கே. சினேகாவின் அணிக்குச் சிவப்பு, ஜெயமங்கலம் அணிக்குப் பச்சை.

சாமான் வாங்கும் முன் எல்லாவற்றையும் கணினியிலேயே செய்து பார்த்துவிடலாம். திரையில் ஒரு கறுப்புச் சிப், இரண்டு பொத்தான், இரண்டு விளக்கு. சிப்புக்குள் அண்ணன் எழுதிய நிரல். மவுசால் சிவப்பை அமுக்கினால் சிவப்பு எரிந்தது. பச்சையை அமுக்கினால் பச்சை. அண்ணன் திருப்தியாக நாற்காலியில் சாய்ந்தான்.

சினேகா புளி மண்டி வீட்டுப் பிள்ளை. எந்தச் சரக்கையும் புரட்டிப் பார்க்காமல் தலையாட்ட மாட்டாள்.

"ரெண்டு பேரும் ஒண்ணா அமுக்குனா என்னண்ணே ஆகும்?"

"மவுசு ஒண்ணுதான ஆத்தா இருக்கு. ரெண்டை எப்படி அமுக்க?"

அவள் யோசித்தாள். "அப்பா புதுத் தராசை எப்படிப் பாப்பாக? ரெண்டு தட்டுலயும் சமமான கல்லை வைப்பாகள்ல? அது மாதிரி ரெண்டு கம்பியையும் ஒரே பொத்தான்ல சேத்து விடுண்ணே."

சேர்த்து அமுக்கினார்கள். சிவப்பு எரிந்தது. மறுபடியும் சிவப்பு. எத்தனை முறை அமுக்கினாலும் பச்சை கண் திறக்கவில்லை. நிரல் சிவப்பை விசாரித்த பிறகுதான் பச்சைப் பக்கமே போகிறது என்று அண்ணனுக்கு அப்போதுதான் உறைத்தது.

கூட நின்று பார்த்துக்கொண்டிருந்த சினேகாவின் அணித் தோழன் ஆதித்தனுக்கு வாயெல்லாம் பல். நமக்குத்தானே லாபம், பேசாமல் விட்டுவிடலாம் என்றான். யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று அண்ணனும் சோம்பல் முறித்தான்.

சினேகாவுக்கும் வெற்றிக் கோப்பை மேல் கொள்ளை ஆசை. திரையை ஒரு முறை பார்த்தாள்.

"கல்லு சமமா இருக்கையில தட்டு சாயுது. இப்படி ஒரு தராசை அப்பா கடைக்குள்ளயே விட மாட்டாக."

அண்ணன் பெருமூச்சு விட்டு நிரலை மாற்றினான். ஒன்றாக அமுக்கினால் இரண்டு விளக்கும் எரியும். வேறு கேள்வி கேட்க வேண்டும்.

போட்டியில் கடைசிக் கேள்வி வரை இரண்டு அணியும் சமம். கேள்வி முடிந்ததும் இரண்டு கைகள் பாய்ந்தன. இரண்டு விளக்கும் எரிந்தன. வேறு கேள்வி கேட்டார்கள். பச்சை முந்தியது, விடையும் சரி. ஆதித்தன் சினேகாவை முறைத்த முறைப்பில் பால் திரிந்திருக்கும்.

கோப்பையோடு பச்சை அணித் தலைவி பவானி வந்தாள். உள்ளூர்ப் பெட்டி உள்ளூருக்குத்தான் எரியும் என்று கேலி செய்துதான் அவள் அணியை ஜெயமங்கலத்திலிருந்து அனுப்பி வைத்தார்களாம்.

"அடுத்த வருசம் எங்க ஊர்ல போட்டி. இந்தப் பெட்டியையே கொண்டாங்க" என்றாள்.

"கொண்டாரோம்" என்றாள் சினேகா. "அது வரைக்கும் எங்க கோப்பையைத் தேச்சுப் பளபளன்னு வச்சிரு."