பார்க்க மட்டும் கேட்ட ஏழாவது பெயர்

தீவின் அபர்டீன் பஜாரில் இருந்த நூருல்லாவின் கேம் கடைக்குப் பையன்கள் அன்று மத்தியானமும் மழையில் நனைந்தபடி வந்து சேர்ந்தார்கள். ஆறு கம்ப்யூட்டர், ஆறு பேர். முதுகுக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்ப்பவன் எதிராளிக்கு இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடுவான் என்பதால், கடையில் ஒரு சட்டம் உண்டு. ஆட்டம் பார்க்க வேண்டுமானால் கம்ப்யூட்டர் வழியாகக் கேட்க வேண்டும். கல்லாவில் சர்வருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் நூருல்லா 'சரி' என்று அழுத்த வேண்டும்.

கல்லாத் திரையில் ஏழாவதாக ஒரு பெயர் வந்தது.

'ஐயாவு பார்க்க அனுமதி கேட்கிறார்.'

"அரே, எவன்டா இந்தப் பேர்ல வந்தது? மஜாக்கா, விளையாடறீங்களா?"

"நாங்க ஆறு பேரும் ஆடிட்டிருக்கோம் பாய்," என்றான் உதயா, திரையை விட்டுக் கண்ணெடுக்காமல்.

நூருல்லா மறுத்தான். அந்தப் பெயர் மறுபடி கேட்டது. கடைக்குள் சேற்று வாடை, கடல் சேற்று வாடை அடித்தது.

நாலு வருஷத்துக்கு முன்னால், சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை. விடிய விடிய ஆட்டம். தோற்ற எரிச்சலில், பின்னால் நின்ற ஐயாவுவை, "காட்டிக் குடுக்கறியா, திருட்டு நாயே!" என்று எல்லார் முன்னாலும் வெளியே தள்ளினான் நூருல்லா. "பார்க்க மட்டும்தான்டா செஞ்சேன்," என்றான் ஐயாவு. அலை ஏறி வருவதற்குச் சற்று முன், அவன் கடற்கரைப் பக்கம் போனதை நூருல்லா பார்த்தான். ஐயாவுவின் தங்கை ருக்கு வந்து கேட்டபோது, "இங்க வரவே இல்லையே" என்று கூசாமல் சொன்னான். மகன் வடக்கே மாயாபந்தருக்கு வேலை தேடிப் போயிருப்பான் என்று தாய் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறாள். சீ, இதுவும் ஒரு பிழைப்பா!

விரல் தானாக 'சரி'யை அழுத்தியது.

திரையில் ஆட்டம் இல்லை. நூருல்லாவின் முதுகு தெரிந்தது.

திரும்பினான். யாருமில்லை. வாசலில் ருக்கு நின்றாள்.

"நூருண்ணே, நாளைக்குத் தேடிப் பார்க்க அம்மாவ மறுபடி மாயாபந்தர் கூட்டிட்டுப் போறேன். அண்ணன் அன்னிக்கு இங்க வரலதான?"

திரையில் முதுகு நெருங்கியது.

"வந்தான்ம்மா," என்றான். "நான்தான் தொரத்தி விட்டேன். கடலுக்குத்தான் போனான். பொய் சொல்லிட்டேன்."

ருக்கு வாசற்படியிலிருந்து ஓர் அடி பின்வாங்கினாள்.

"நாலு வருஷம்ணே," என்றாள். மழையில் இறங்கி நடந்தாள்.

அவமானம் தாங்காமல் நூருல்லா சர்வரின் வயரைப் பிடுங்கினான். ஆறு திரையும் இருண்டன.

கல்லாத் திரை மட்டும் இருளவில்லை.

அதில் ருக்குவின் முதுகு. படம் அவள் பின்னாலேயே ஷாதிபூர் வரை நடந்தது. வீட்டுக் கதவு திறந்தது.

தாய் மகளைப் பார்க்கவில்லை. மகளுக்குப் பின்னால், நேராகத் திரைக்குள் பார்த்தாள்.

"வந்துட்டியாய்யா," என்று அவள் உதடு அசைந்தது.